ஆப்பிள் கள் வந்த வண்டி

ஆதிமூலம் இப்போது பாரவண்டிக்காரன். முன்பு உழவர்கரைத் தோப்புகளிலிருந்து கடைக்குக் கள்ளுப்பானை ஏற்றியவன். பானை வாயை இறுக்கிக் கட்டினால் பொங்கி வெடிக்கும், மரத்து நார்வலையான பன்னாடையை லேசாகச் செருகி மூச்சுவிட வைக்க வேண்டும் என்பது அவனுக்குக் கைவந்த பாடம்.

அன்று கப்பல் துறையில் அவன் ஏற்றியது ஒரு மரப்பெட்டி. உள்ளே சீதர், அதாவது பிரான்சில் ஆப்பிளைப் புளிக்கவைத்துச் செய்கிற மது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற பிரான்சுவா தன் மனைவிக்காக வரவழைத்தது. அந்த மதாம் பிரான்சில் பிரெத்தாஞ் சீமைக்காரி. காய்ச்சலில் விழுந்தவள் கஞ்சியைக்கூட ஒதுக்கிவிட்டாள். ஊர்ச் சீதர் ஒரு வாய் வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்படியே போனால் தாங்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆதிமூலத்துக்கு அவள் அன்னியமில்லை. அவன் பெண்சாதி சின்னப்பொண்ணுக்குப் பிரசவம் சிக்கலானபோது கட்டிலை விட்டு நகராதவள் மதாம்தான். வண்டியோடு வாசலுக்குப் போனால் சீதர் கதை சொல்லுவாள். மார்ச் மாதத்து நிலா பார்த்துப் புட்டியில் அடைத்தால்தான் நுரை நிற்குமாம். அந்தக் காலத்து மாலுமிகள் ஈறு வீங்காமலிருக்கக் குடிப்பார்களாம். “மரமேறாம கள்ளா, மதாம்?” என்று அவன் சிரிப்பான்.

பிரெஞ்சுக்காரன் ஆட்சியை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ரோடு இப்போது யாருடையது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். மழை மட்டும் யாரையும் கேட்காமல் பள்ளம் பறித்துவிட்டுப் போயிருந்தது. முதல் பள்ளத்தில் சக்கரம் இறங்கியதுமே ஒரு புட்டி வெடித்தது. இன்னும் எத்தனை பள்ளம் இருக்கிறதோ. ஆதிமூலம் மாட்டை நிறுத்தினான். பெட்டியைத் திறந்து, புட்டி வாயில் கட்டிய கம்பியை முறுக்கவிழ்த்து, ஒவ்வொரு தக்கையாகப் பிடுங்கி, ‘உஸ்’ஸென்று காற்றுப் போனபின் வைக்கோலைச் செருகினான். நல்லவேளையாக ஒரு புட்டிகூட அப்புறம் வெடிக்கவில்லை.

வைக்கோலைப் பார்த்த பிரான்சுவாவுக்கு முகம் செத்துவிட்டது.

“கெடுத்துட்டியேடா. நுரைதான்டா அதுக்கு உசுரு.”

“வெடிச்சிடுமேன்னு பயந்துட்டேன், முசே.”

அந்த மகராசிக்குத் தன் கையாலேயே கேடு செய்துவிட்டோமே என்று ஆதிமூலம் தலையில் கைவைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

“அவன திட்டாத. கிண்ணத்துல ஊத்திக் கொண்டா,” என்றாள் மதாம் உள்ளேயிருந்து. அவள் ஊரில் கிண்ணத்தில்தான் குடிப்பார்கள்.

ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணீர் வழிந்தது. பிரான்சுவா பதறிப்போய்க் கிண்ணத்தை வாங்கப் பார்த்தார், அவள் விடவில்லை.

“நுரை வர்றது கல்யாணத்துக்கு, திருநாளுக்கு. எங்கப்பா தினம் பீப்பாயிலேருந்து புடிச்சுத் தர்றதுல நுரையே இருக்காது. இதேதான்.” கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். “ரொட்டி இருக்கா? பசிக்குது.”

வீட்டில் ரொட்டி இல்லை. பிரான்சுவா செருப்பைத் தேடுவதற்குள் ஆதிமூலம், வண்டியையும் மாட்டையும் வாசலிலேயே விட்டுவிட்டு, ரொட்டிக் கடைக்கு ஓடிக்கொண்டிருந்தான்.