பிகுன் சொன்னால்தான் ஊசி

“செத்தேன்! கொன்னுட்டாங்க!” என்ற அலறல் ரத்தம் எடுக்கும் அறையிலிருந்து வந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணிகளில் இரண்டு பேர் எழுந்து, சீட்டை மடித்துப் பையில் செருகிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார்கள். மற்றவர்கள் அசையவில்லை. அவர்கள் எங்கள் சந்தைக்காரர்கள், குரல் பழகியது. சற்று நேரத்தில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்த பரிசோதனைக்கூடக்காரரின் முகம் வெளுத்திருந்தது.

“நான் இன்னும் ஊசியைக் கையிலயே எடுக்கலீங்க. பஞ்சால துடைச்சேன், அவ்வளவுதான்” என்று வரிசைக்குப் பொதுவாக வாக்குமூலம் கொடுத்தார்.

அலறியவள் பிகுன். நம் ஊரில் மகிழம்பூ என்று பெயர் வைத்தால் என்ன அர்த்தமோ, அதே அர்த்தம்தான் இந்த நாட்டில் அந்தப் பெயருக்கும். ஆனால் தாசின் ஆற்றங்கரைச் சந்தையில் அவளைப் பூ என்று நினைத்து நெருங்கியவர்கள் யாரும் முழுசாகத் திரும்பியதில்லை. கோயில் வாசலில் மாலைக்கடை. முப்பத்து நாலு வயது. கடைக்குள் நுழைந்த பாம்பைத் துடைப்பத்தால் அடித்து ஆற்றில் எறிந்துவிட்டு, அதே கையால் தாமரை மொட்டின் இதழை மடிக்க உட்கார்ந்தவள். கடைவாய்ப் பல் வலித்தபோது நூலைக் கட்டித் தானே பிடுங்கிக்கொண்டாள். ஊரே அவள் தைரியத்தை மெச்சியது. பல் வைத்தியர் மரத்துப்போக ஊசி போடுவார் என்பதுதான் அந்தத் தைரியத்துக்குக் காரணம் என்பது எனக்கு மட்டும் தெரியும். அடுத்த கடை என்னுடையது.

இதில் வேடிக்கை, அவள் பிழைப்பே ஊசிதான். ஒரு முழ நீள எஃகு ஊசி. அதில் மல்லிகை மொட்டை வட்டம் வட்டமாகக் கோத்து ஏற்றுவாள். பேசிக்கொண்டே கோப்பாள், சண்டை போட்டுக்கொண்டே கோப்பாள். விரலில் குத்தினால் சப்பிவிட்டு அடுத்த மொட்டை எடுப்பாள்.

“இவ்வளவு பெரிய ஊசியை வெச்சுக்கிட்டு அந்தக் குட்டி ஊசிக்கா பயப்படுறே?” என்று கேட்காத வாடிக்கையாளர் கிடையாது.

“இது என் கையில இருக்குக்கா. அது அவங்க கையில இருக்கு.”

வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

முதல் மகன் கோப் பிறந்தது அவசர அறுவையில். கோப் என்றால் தவளை. செல்லப்பெயர் கேவலமாக இருந்தால் ஆவிகள் குழந்தைமேல் ஆசைப்படாது என்பது இங்கே கணக்கு. அன்று பிகுனை முழுசாகத் தூங்க வைத்து எடுத்துவிட்டார்கள். கண் விழித்தபோது ஆறு மணி நேரம் போயிருந்தது. அதற்குள் மாமியார் தோங்பாய் குழந்தையைத் தூக்கி, “ஐயே, என்ன ஒரு அவலட்சணம்!” என்று முதல் திருஷ்டி வார்த்தையைச் சொல்லி முடித்திருந்தாள். மூக்கு அப்பாவுடையது, காது தாத்தாவுடையது, மோவாய் சியாங்மாயில் இருக்கும் சித்தப்பாவுடையது என்று பாகப்பிரிவினையும் நடந்து முடிந்திருந்தது. தாய்க்கென்று மிஞ்சியது தொப்புள்தான்.

“நான் பெத்த புள்ளையை ஊர்லயே கடைசியா பார்த்தவ நான்தான்க்கா. எதிர்த்த கடை ஐஸ்காரன்கூட எனக்கு முன்னாடி பார்த்துட்டான்” என்பாள். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் ஊசி நின்றுவிடும்.

இரண்டாவது குழந்தை தலை மேலே, கால் கீழே என்று உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது. மறுபடி அறுவைதான், இந்தத் தடவை நாள் குறித்து. விழித்திருந்து முதல் அழுகையைக் கேட்க வேண்டுமென்றால் முதுகுத்தண்டில் ஊசி. வேண்டாமென்றால் பழையபடி தூக்கம். முதுகு ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் பிகுன் இரண்டு மூக்குத் துளைகளிலும் மயக்கம் வராமலிருக்க முகரும் இரண்டு கற்பூரக் குழல்களைச் செருகிக்கொண்டு, காண்டாமிருகத்தை நிறுத்தி வைத்ததுபோல் மூன்று நாள் கடையில் உட்கார்ந்திருந்தாள்.

சந்தை சும்மா இருக்குமா? மீன்காரி வந்து, “பச்சை மிளகாயைக் கடி. வாய் எரிஞ்சா முதுகு தெரியாது” என்றாள். முட்டைக்காரி, “புருஷன் மூஞ்சியை நினைச்சுக்கோ. கோவத்துல எதுவும் வலிக்காது” என்றாள். புருஷன் சம்ரான் பக்கத்திலேயே இருந்தான். பயணிகள் வண்டி ஓட்டுகிறவன், சாது. “நினைச்சுக்கோயேன், நான் என்ன வேணாம்னா சொல்றேன்” என்றான். ரத்தம் எடுத்த அன்று அவள் கையைப் பிடித்துக்கொள்ள உள்ளே போனவனும் அவன்தான். அவனைத்தான் ஸ்ட்ரெச்சரில் வெளியே கொண்டுவந்தார்கள்.

தோங்பாயின் ஏற்பாடு வேறு. ஜோசியர் பூன்மீ வியாழக்கிழமை காலை ஒன்பது ஒன்பதிலிருந்து ஒன்பது இருபத்தொன்பதுக்குள் குழந்தை வெளியே வர வேண்டும் என்று சிவப்புத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த இருபது நிமிஷத்தில் பிறந்தால் நாற்பது பேருக்குச் சோறு போடும் ராசி. தவறினால் என்ன ஆகும் என்றதற்கு ஜோசியர் தலையை மட்டும் ஆட்டினார். அந்த ஆட்டலில் தோங்பாயின் ரத்த அழுத்தம் எகிறியது; மருமகளோடு டாக்டரின் அறைக்கே வந்துவிட்டாள்.

“இவ ஊசியைப் பார்த்து ஆடுற ஆட்டத்துல நேரம் போயிடும். தூங்க வெச்சே எடுத்துடுங்க டாக்டர்!”

“நான் முழிச்சுதான் இருப்பேன் அத்தை.”

“முழிச்சிருந்து என்னத்தைக் கிழிக்கப்போறே?”

“புள்ளையைப் பார்க்கப்போறேன்.”

அந்தக் கணத்தில் வெளியே இடி இடித்திருக்க வேண்டும். இடிக்கவில்லை. மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது.

புதன்கிழமை மதியம் மயக்க மருந்துப் பிரிவு நர்ஸ் சசித்தோன் வார்டுக்கு வந்தாள். ஐம்பது வயது, தாழ்ந்த குரல். பயப்படாதே, எறும்பு கடிக்கிற மாதிரிதான் என்ற வழக்கமான பொய்யைச் சொல்லவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, “எதுக்குப் பயப்படுறே? வலிக்கா?” என்று கேட்டாள்.

“வலி பரவாயில்லை நர்ஸம்மா. என் ஊசி என் பேச்சைக் கேக்கும். உங்க ஊசி உங்க பேச்சைத்தானே கேக்கும்? எப்ப குத்துவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

சசித்தோன் தன் வலது கையை நீட்டிக் காட்டினாள். “சரி. என் ஊசியும் உன் பேச்சைக் கேக்கட்டும். நீ ‘ம்’னு சொன்னாத்தான் கை அசையும். ‘இரு’ன்னா நிக்கும். உள்ளே போனப்புறம் மட்டும் நீ அசையக் கூடாது. பேரம் சரியா?”

“நிஜமாவா?”

“நிஜமா.”

கையில் டிரிப் ஏற்றும் இடத்தில் மரத்துப்போகும் களிம்பைத் தடவச் சொன்னாள். ஊசி வரும்போது ஒரு தடவை இரும வேண்டும், கண்ணை மூடக் கூடாது, எதிர்ச் சுவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். அன்று மாலை முழுதும் பிகுன் இருமிப் பழகினாள். பக்கத்துக் கட்டில்காரி காசநோயோ என்று பயந்து வேறு கட்டில் கேட்டாள்.

வியாழன் காலை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, அறுவை அறையின் வாசல்வரை. அங்கே உலோகம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்கள். மோதிரம் இல்லை, தோடு இல்லை. பச்சை அங்கியின் உள்மடிப்பில், சரியாக வயிற்றுக்கு நேரே, ஒரு ஊக்கு.

கர்ப்பிணி சாவு வீட்டுக்குப் போனால் வயிற்றில் ஊக்கு குத்திக்கொண்டு போவது இங்கே வழக்கம். கூர்முனை இருக்கும் இடத்தில் ஆவி நெருங்காது. மாலை கொடுக்க வாரம் மூன்று சாவு வீட்டுக்குப் போகிற பிகுனுக்கு அது உடம்போடு ஒட்டிய நகை.

“இது ஆஸ்பத்திரிம்மா. சாவு வீடு இல்லை” என்றார் வார்டுக்காரர்.

“இங்கே தினம் யாராவது சாகுறாங்களா இல்லையா?”

அவர் ஊக்கை வாங்கக் கையை நீட்டினார். பிகுன் ஊக்கை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். இழுத்தார்கள், கையைத் திறக்கவில்லை. ஊசிக்குப் பயந்தவளின் கையிலிருந்து ஊசியைப் பிடுங்க நாலு பேர் போராடினார்கள். மணி எட்டு ஐம்பத்தைந்து. வெளியே தோங்பாய் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த அலாரம் கடிகாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், சத்தத்தைக் கேட்டதும் எழுந்து, “தூங்க வெச்சிடுங்க, தூங்க வெச்சிடுங்க!” என்று கதவைத் தட்ட ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு உள்ளே நடந்ததைப் பிகுன் இதுவரை பதினோரு விதமாகச் சொல்லியிருக்கிறாள். பதினொன்றிலும் மாறாமல் இருப்பதை மட்டும் எழுதுகிறேன்.

சசித்தோன் வந்தாள். “அதை என்கிட்ட குடு. நான் குத்திக்கிறேன். எது வந்தாலும் முதல்ல என்னைத் தாண்டித்தானே உன்கிட்ட வரணும்?” என்றாள். தன் சட்டைக் காலரில் அந்த ஊக்கைக் குத்திக்கொண்டு, அதன்மேல் அங்கியைப் போட்டுக்கொண்டாள். பிகுன் மேசையில் ஏறினாள். தலையணையைக் கட்டிக்கொண்டு, வெந்த இறாலைப்போல் முதுகை வளைத்து உட்கார்ந்தாள்.

“சொல்லு.”

“இருங்க.”

இப்படி ஏழு தடவை. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னும் அஞ்சு நிமிஷம். முடியலைன்னா தூங்க வெச்சிடலாம். அடுத்த கேஸ் காத்திருக்கு.”

தூக்கம் என்ற சொல் விழுந்ததும் பிகுனின் நடுக்கம் நின்றுவிட்டதாம். சுவரைப் பார்த்தாள். இருமினாள். “ம்” என்றாள்.

அப்போது மணி ஒன்பது இருபத்திரண்டு. வெளியே அலாரம் அடித்து ஓய்ந்தபோது மணி ஒன்பது இருபத்தொன்பது. தோங்பாய் தரையில் உட்கார்ந்து, குலம் அழிந்துவிட்டது என்று வாய்விட்டு அழுதாள். குலம் அழிந்த பதின்மூன்றாவது நிமிஷம் உள்ளே ஒரு பெண்குழந்தை அழுதது. அதைப் பிகுனின் கன்னத்தோடு வைத்தார்கள். அவள் கண்ணீர் காதுக்குள் இறங்க, “ஐயே, என்ன ஒரு அவலட்சணம்!” என்று உலகத்திலேயே முதல் ஆளாகச் சொன்னாள்.

ஜோசியருக்குத் தொலைபேசி போனது. “ஒன்பது நாற்பத்திரெண்டா?” என்று இழுத்தார். ஏடு புரளும் சத்தம் கேட்டது. “அட, இது அதைவிட விசேஷம்! நாற்பது பேர் இல்லை, நானூறு பேருக்குச் சோறு போடுவா.” தோங்பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான் சொன்ன நேரத்தில்தான் குழந்தை பிறந்தது என்று மாடி மாடியாகச் சொல்லிவிட்டு, மூன்று மணிக்குத் தனியறைக்கு வந்தாள். நானும் இஞ்சிக் கஷாயத்தோடு அங்கே இருந்தேன்.

“ஐயே, அசிங்கம் புடிச்ச மூஞ்சி” என்று வழக்கப்படி கொஞ்சினாள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். “இந்த மூக்கு அப்படியே எங்க...”

பிகுன் துண்டின் நுனியை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள்.

“ஏண்டி மூடுறே?”

“தூங்குறா அத்தை.”

“கண்ணை உருட்டி உருட்டிப் பார்த்துட்டுத்தானே இருந்தா?”

“தூங்கப் போறா.”

“காதையாவது காட்டு. உன் மாமனார் காது மாதிரி தெரிஞ்சுது.”

“காதும்தான் தூங்கப் போகுது அத்தை.”

தோங்பாய் என்னைப் பார்த்தாள். நான் கஷாயத்தைப் பார்த்தேன். “நாளைக்கு வரேன்” என்று குடையை எடுத்துக்கொண்டாள். “மெதுவா வாங்க, அவசரமே இல்லை” என்று மருமகள் மரியாதையாகக் கும்பிட்டாள். மாமியார் போன பிறகு, அதே மரியாதையோடு என் பக்கம் திரும்பினாள். கும்பிட்ட கை இறங்காமல் அப்படியே இருந்தது.

கஷாயத்தை வைத்துவிட்டு நானும் வெளியே வந்து, கதவை நானே சாத்தினேன். இடுக்கு மூடுவதற்குள் கண்டது இவ்வளவுதான்: தழும்பேறிய ஒரு விரல் துண்டின் நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக்கொண்டிருந்தது.