படிவம் கேட்ட பெயர்

கவுன்சிலில் முப்பது வருடம் ஊராரின் பெயர்களைத் திருத்திக் கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். எந்தத் திருத்தத்துக்கு எந்தப் படிவம், எந்த நிற மை என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் என் முதல் திருத்தத்தைச் செய்தது ஒன்பது வயதில், செவன் கிங்ஸ் என்ற ஆங்கிலேய ஊரில், நாங்கள் ஒன்றாகக் குடியிருந்த பெரியப்பா வீட்டில்.

பெரியம்மாவின் நூலக அட்டைக்கு நான்தான் விண்ணப்பம் நிரப்பினேன். அந்தக் காலத்துப் படிவங்கள், உலகமே ஞானஸ்நானம் பெற்றுவிட்டது என்ற நம்பிக்கையில், முதற்பெயரைக் ‘கிறிஸ்டியன் நேம்’ என்றே கேட்கும். நான் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன்.

“பெரியம்மா, உங்கட கிறிஸ்தவப் பேர் என்ன?”

அவர் முகம் வெளிறியது. “ஆர் உனக்குச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. ஃபோம் கேக்குது.”

“ஃபோமே கேக்குதோ?” வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தார். “அப்ப எழுது, பிள்ளை. ரூத்.”

பெரியப்பாவுக்கு அவர் ‘இஞ்சேரும்’. எங்களுக்குப் பெரியம்மா. பெயர் சொல்லி அழைக்க அந்த வீட்டில் ஆளில்லை.

“சேர்ச்சிலை என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவினம். செபிக்கேக்கை யேசுவும் அப்பிடிக் கூப்பிடுற மாதிரி இருக்கும். இப்ப எனக்கு ஒருத்தரிலையும் பயமில்லை,” என்றார், மிக மெதுவாக.

அட்டை தபாலில் வந்தது. பெரியப்பா பிரித்தார்.

“ஆர் இந்த ரூத்? வெள்ளைக்காரி ஆரும் இஞ்சை வாடகைக்கு இருக்கிறாளோ?”

“பெரியம்மாதான்! நான்தான் எழுதினனான்,” என்றேன், பாராட்டுக்காக நிமிர்ந்து நின்று.

அட்டையில் அந்தப் பெயரை வெட்டி, அதன் மேலே கலியாணப் பதிவில் உள்ள பெயரை எழுதும்படி என்னிடம் சொன்னார். என் அளவுகோல் வழுக்கியது. பெரியம்மாவே அதன் மறுநுனியைப் பிடித்துக்கொண்டார். கோடு மிக நேராக வந்தது.

அவர் குளிருக்குப் போடும் கோட்டைப் பெரியப்பா அலுமாரியில் வைத்துப் பூட்டினார். “இனி எங்கை போறீர் எண்டு பாப்பம்.”

ஞாயிறன்று பனி கொட்டியது. பெரியம்மா சேலைக்கு மேல் கார்டிகனைப் போட்டுக்கொண்டு, ஒரு கைப்பையோடு கதவைத் திறந்தார். அட்டை மேசையில் கிடந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு வாசல் கேற் வரை ஓடினேன்.

“பெரியம்மா, கார்டை விட்டிட்டுப் போறியள்!”

“அது என்ரை இல்லை, பிள்ளை.”

அதன் பிறகு அவர் திரும்பவில்லை. அவரைப் பற்றிப் பேசவும் வீட்டில் தடை. எனக்கிருந்த கவலையெல்லாம், அட்டை இல்லாமல் நூலகத்தில் புத்தகம் தரமாட்டார்களே என்பதுதான். தேடி வருவார் என்று அதைப் பென்சில் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தேன்.