இரண்டு தட்டும் ஒரே ஞாயிறும்

தோழிகள் அவளுக்கு வைத்த பெயர் பாதி. சினிமாவுக்கு வந்தால் இடைவேளையோடு எழுந்துவிடுவாள். பிறந்தநாள் என்றால் கேக் வெட்டும் முன்பே கைப்பையைத் தேடுவாள். ஆராய்ச்சிப் படிப்பில் இது நாலாவது வருடம். ஆய்வகத்தில் அவள் வளர்க்கும் செல்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தீனி மாற்ற வேண்டும். அவற்றுக்கு ஞாயிறும் கிடையாது, நல்ல நாளும் கிடையாது. கைக்குழந்தைக்காரியாவது பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம்.

இது போதாதென்று, இல்லை என்று சொல்ல இவளுக்கு நாக்கு வராது. ஒன்றரை வருடம் கழித்து அப்பாவும் அம்மாவும் நாலு நாள் பார்க்க வந்தார்கள். "ஞாயித்துக்கிழமை முழுக்க உங்களோடதான்" என்றாள். அறைத் தோழி வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போகிறாள். அவளுக்கும் அதே ஞாயிறு மதிய விருந்துக்கு வாக்குக் கொடுத்தாள். திங்கட்கிழமை பேராசிரியையிடம் செல்களைக் காட்ட வேண்டும், காட்டினால்தான் கடைசி அத்தியாயத்தைத் தொடலாம். ஆறு வாரம் வளர்த்தவை, அவற்றுக்குத் தீனி மாற்றும் முறையும் அந்த ஞாயிறுதான். எந்தத் தைரியத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டாய் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பாள்.

கடைசியில் அப்பா அம்மாவையும் விருந்துக்கே கூட்டிக்கொண்டு போனாள். அப்பா நிமிடத்தில் தோழிகளோடு ஒட்டிக்கொண்டார். அம்மாவின் கண் மட்டும் மகள் மேலேயே இருந்தது.

"ஏன்டி வாசலையே பாக்குற?"

"சும்மாதான்மா. இருபது நிமிஷம், ஆய்வகம் வரைக்கும் போய்ட்டு ஓடி வந்துடறேன்."

"பாதி கெளம்பியாச்சு!" என்றாள் ஊருக்குப் போகும் தோழி. பெயர்க் காரணம் கேட்டு அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

ஆய்வகம் இரண்டு தெரு தள்ளி. வெதுவெதுப்பான பெட்டிக்குள் இரண்டு தட்டுகளில் அவளுடைய கிண்ணங்கள் இருந்தன, தட்டுக்கு ஆறு. ஒன்றில் இந்த ஆறு வாரச் செல்கள். இன்னொன்றில் முன்பு வளர்த்து வீணாய்ப் போனவை. வீணானதன் மூடியில் அன்றைக்கே சிவப்புக் கோடு போட வேண்டும் என்பது அங்கே சட்டம். இவளுக்கு மனசு வரவில்லை. இருக்கட்டும், எதற்காவது ஆகும் என்று ஒரு வாரமாக வைத்திருந்தாள். இரண்டு தட்டிலும் ஒரே அளவுக் கிண்ணம், ஒரே இளஞ்சிவப்புத் தீனித் திரவம்.

இன்றைக்காவது அதைத் தொலைத்துவிடலாம் என்று ஒரு தட்டைக் கழுவும் தொட்டியருகே கொண்டுபோனபோது போன் அடித்தது. விருந்திலிருந்து தோழி.

"ஃபோட்டோவுக்கு நிக்கறோம். நீ இல்லாம நிக்க மாட்டேன்னு உங்கம்மா அடம் பிடிக்கறாங்க."

"வந்துட்டேன், வந்துட்டேன்." போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே கிண்ணங்களில் செல்களைக் கொல்லும் பிளீச்சை ஊற்றினாள். இளஞ்சிவப்பு வெளுத்துப் போனது. பிறகு கையுறை மாற்றி உட்கார்ந்து, மற்ற ஆறு கிண்ணத்துக்கும் ஒரு சொட்டுச் சிந்தாமல் புதுத் தீனி ஊட்டினாள். ஆறாவதை மூடும்போதுதான் மூடியில் எழுதியிருந்த தேதி கண்ணில் பட்டது. பழைய தேதி.

தொட்டியைப் பார்த்தாள். மறுபடி தேதியைப் பார்த்தாள். கையுறையைக் கழற்றினாள், எதற்கென்று தெரியாமல் திரும்ப மாட்டிக்கொண்டாள். பேராசிரியைக்குப் போன் போடுவதா, இங்கேயே உட்கார்ந்து அழுவதா? இதில் இன்னொரு கூத்து, நெஞ்சு என்னவோ லேசாக இருந்தது. ஆறு வார உழைப்பு சாக்கடையில் போயிருக்கிறது, இது எதற்கு லேசாகிறது? அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

திரும்பி வந்தவளை அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"செத்துப்போச்சும்மா. நானே கொன்னுட்டேன்."

"ஐயையோ, யாரைடி?"

"ஆய்வகத்துச் செல்லுதாம்மா. தட்டு மாறிப்போச்சு. நாளைக்குக் காட்ட ஒண்ணுமே இல்ல. இனி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள். பாவம், அவளுக்கு அது வரவில்லை.

"அப்போ நாளைக்கு உனக்கு வேலை இல்லையா?"

நாளை மறுநாள் அவர்களுக்கு ரயில். போனது என்னவென்று உனக்குத் தெரியுமா என்று கத்த வேண்டும் போல இருந்தது. "இல்லம்மா" என்றுதான் வாயில் வந்தது. கூடவே அழுகையும் வந்தது, ஏனோ சிரிப்பும் வந்தது.

அம்மா அதற்குள் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்துவிட்டாள்.

"ஏங்க, நாளைக்கு இவளுக்கு லீவாம்!"