சாத்தானா, தொரையா?

இன்று ஹட்டனில் மஸ்கெலியா பஸ் ஏறினால், பக்கத்து சீட்டில் சைமன் அண்ணன். எண்பதுகளில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதா கோயில் இளைஞர் மன்றத் தலைவர்.

நலம்கூட விசாரிக்கவில்லை. "அண்ணே, அந்தப் பாட்டு ஞாபகம் இருக்குங்களா?" என்றேன்.

அப்போது என் தம்பி கொழும்பிலிருந்து ஒரு இங்கிலீஷ் ராக் கேசட் கொண்டுவந்திருந்தான். அதில் தொண்டை கிழியக் கத்துகிற பாட்டு ஒன்று. இருட்டில் எஜமான் வருகிறான், தலைகளை எண்ணுகிறான், பிந்தி வந்தவனை விரட்டுகிறான் என்று போகும். எஜமான் என்றால் சாத்தான்தான், கேசட்டைக் கொளுத்த வேண்டும் என்று சைமன் அண்ணன் மன்றத்தில் தீர்மானமே கொண்டுவந்தார்.

நான் எழுந்தேன். "விடியிறதுக்கு முன்னுக்கே வந்து, பெரட்டுல வரிசையா நிக்க வச்சு நம்ம தலைய எண்ணி, பிந்துனா வேலையில்லன்னு லயத்து வீட்டுக்கே வெரட்டுறது யாருங்க?"

"தொரை!" மொத்த மன்றமும் கத்தியது.

கேசட் தப்பியது. அந்த வாரம் முழுக்க எங்கள் லயத்தில் அந்தப் பாட்டுத்தான். ஆனால் சைமன் அண்ணன் ஒத்துக்கொள்ளவே இல்லை.

இன்று நோர்வூட் தாண்டியதும் மெல்லச் சொன்னார்: "நீ சொன்னது சரிதான் புள்ள. அது தொரைதான்."

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்படி கை தட்டினேன்.

இறங்கும்போது மட்டும் ஒன்று கேட்டார்: "அப்ப நான் சாத்தான்னு சொன்னதுல என்ன தப்பு?"

நீங்களே சொல்லுங்கள். தொரைமாரும் கமெண்ட் போடலாம். பிந்தி வந்தாலும் விரட்ட மாட்டேன்.