மைனருக்கு வந்த கருந்தலை நோய்

சிமென்ட் தரையில் வான்கோழி எச்சம் பளீரென்ற மஞ்சளாகக் கிடந்தது, வழக்கமான கோழி எச்சத்தின் நாற்றமாக இல்லாமல் புளித்த மாவு கெட்டுப்போனது போன்ற ஒரு வீச்சம் வேறு அடித்தது. அம்மாவோ அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். "பாத்தியா, மஞ்சத்தூளு வேல செய்து" என்றாள். வான்கோழிகள் சோர்ந்து நிற்கத் தொடங்கியதுமே சளி பிடித்துவிட்டது என்று முடிவுகட்டித் தவிட்டில் மஞ்சள்தூளைக் குழைத்து வைத்தவள் அவள்தான். உள்ளே போனது மஞ்சள், வெளியே வந்ததும் மஞ்சள், இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று நாங்களும் நம்பித் தொலைத்தோம்.

அடையாற்றங்கரையில், பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது எங்கள் வீடு. "நைனா" என்று நாங்கள் கூப்பிட்ட அப்பா, சரக்கு ஏற்றும் மூன்று சக்கர "மீன்பாடி வண்டி" ஓட்டிக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸ் சமயத்தில் பெசன்ட் நகர் பக்கம் நல்ல விலை போகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பல்லாவரம் சந்தையிலிருந்து வான்கோழிக் குஞ்சுகளை வாங்கிவந்து, அம்மாவின் நாட்டுக்கோழிகள் மேய்ந்த அதே பின்கட்டில் விட்டு வளர்த்தார். அவற்றில் பெரிய சேவலுக்கு நான் வைத்த பெயர் "மைனர்". தெருவில் ஆட்டோ ஹாரன் அடித்தால் போதும், வாலை விரித்துக்கொண்டு, தாடையில் தொங்கும் சதை சிவக்க, களகளவென்று பதில் சொல்லும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையைக் கொத்த ஓடிவரும். நைனாவைக் கண்டால்தான் எனக்கு நடுக்கம். அவர் என்னை அடித்ததே இல்லை, ஆனால் அந்தக் குரலே போதும்.

முதல் வான்கோழி செத்த அன்று தம்பிக்கும் காய்ச்சல். டிவியில் பறவைக் காய்ச்சல் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பக்கத்து வீட்டு ஆட்டோக்கார மாமா வாசலில் நின்று, "இன்னா நைனா, டிவில சொல்ற அதேதான் போல கீது. கார்ப்பரேசன்காரன் மோப்பம் புடிச்சான்னா ஏரியா கோழியெல்லாம் சாக்குல போட்டுக்கினு பூடுவான்" என்று பற்றவைத்துவிட்டுப் போனார். நைனா தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்துக் கூரையில் செருகினார். "இன்னொன்னு செத்துச்சுன்னா, மொத்தத்தையும் அறுத்து ஆத்தோரம் பொதச்சுடுவேன். எனக்கு எம்புள்ளதான் முக்கியம்" என்றார்.

மறுநாள் காலை அவர் சவாரிக்குப் போனபிறகு பார்த்தால் இன்னொன்று காலை நீட்டிக் கிடந்தது. அதைவிட மோசம், மைனர் கூட்டத்தை விட்டு ஒதுங்கி, இறக்கையைத் தொங்கப்போட்டு, கண்ணை மூடி நின்றது. அம்மா தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டாள், செத்ததை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றிக் கூடைக்குள் வைத்து மேலே கீரைக்கட்டைப் பரப்பினாள், என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கண்டக்டர் எங்களைத் தாண்டும்போதெல்லாம், கூடையை எட்டிப் பார்த்துவிடுவாரோ, நாங்கள் திரும்புவதற்குள் நைனா வீட்டுக்கு வந்துவிடுவாரோ என்று நான் கும்பிடாத சாமியில்லை.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அதை அறுத்துப் பார்த்தார். ஈரலில் காசு காசாகப் பள்ளம் விழுந்திருந்தது. குடலின் ஒரு பகுதி வீங்கி, உள்ளே திரிந்த பால்போல் கெட்டித்துக் கிடந்தது. "எச்சம் என்ன நிறம்?" என்று கேட்டார்.

"மஞ்ச டாக்டர். ஆனா அது நான் போட்ட மஞ்சத்தூளு."

"இல்லம்மா, அது நோயோட நிறம். பிளாக்ஹெட்னு சொல்லுவோம், கருந்தலை நோய்."

தலை கருக்கவே இல்லையே என்று நான் முணுமுணுத்தேன். பேர்தான் அப்படி, எல்லாவற்றுக்கும் கருக்காது என்றார். இது பறவைக் காய்ச்சல் இல்லை, மனிதர்களுக்குத் தொற்றாது, கோழிக் குடலில் இருக்கும் புழுவின் முட்டை வழியாக வருகிறது, கோழிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, வான்கோழியைத்தான் சாய்க்கும் என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, நானே மஞ்சளப் போட்டு மறச்சுட்டேனே!"

மாத்திரை எழுதித் தந்த டாக்டரம்மா ஒரு நிபந்தனையும் சொன்னார். இந்த மருந்தைக் கொடுத்த பறவையை யாரும் சாப்பிடக் கூடாது, விற்கவும் கூடாது. வளர்ப்பதற்கென்றால் மட்டும் கொடுங்கள்.

நாங்கள் திரும்பியபோது நைனா வந்துவிட்டிருந்தார், கத்தி கையில் இருந்தது. அம்மா மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். நான் மைனருக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். "புள்ளைக்கு வராதுன்னு டாக்டரே சொன்னாங்களா?" என்று மட்டும் அவர் திருப்பித் திருப்பிக் கேட்டார். பிறகு மைனரையும் என்னையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "விக்கலன்னா இன்னா இப்போ? குடுமே மருந்த" என்று சொல்லிக் கத்தியைக் கூரையிலேயே செருகிவிட்டார்.

அம்மாவின் கோழிகள் திருவான்மியூரில் சித்தி வீட்டுக்குப் போயின. பின்கட்டைச் சுரண்டிச் சுண்ணாம்பு தெளித்தோம். மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சால் வாயில் ஊற்றும்போது அலகைப் பிரித்துப் பிடித்தது நைனாதான். தம்பியின் காய்ச்சல் தானாக இறங்கியது. வான்கோழிகளில் சில பிழைத்தன, சில போயின. மைனரைப் பற்றி யாராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை, காலையில் கதவைத் திறக்கவே எனக்குப் பயமாக இருக்கும். ஒருநாள் ஆட்டோக்கார மாமா ஹாரன் அடித்தார், பின்கட்டிலிருந்து கரகரத்த குரலில் பதில் வந்தது. நான் "ஓ"வென்று அழுதுவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்பு பெசன்ட் நகரிலிருந்து காரில் வந்த ஒருவர் மைனரைப் பார்த்ததும் மயங்கிப்போனார். கேட்ட விலை தருவதாகச் சொன்னார். வண்டிக்கு டயர் மாற்ற வேண்டியிருந்த நேரம் அது.

"மருந்து குட்ச்ச பறவ சார். துன்னக் கூடாது" என்றார் நைனா.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுப்பா, யாருக்குத் தெரியப் போகுது?"

"ஒங்க வூட்லயும் புள்ளைங்க இருக்கும்ல சார்."

அவ்வளவுதான், கார் போய்விட்டது.

இன்று ஆற்றங்கரையில் எங்கள் வீடு இருந்த இடத்தில் கம்பிவேலி போட்டிருக்கிறார்கள். மைனர் கிழடாகித் தன்பாட்டில் செத்து வெகுகாலமாகிறது. ஊருக்கு வெளியே வீட்டை இடித்தபின் அரசாங்கம் எங்களுக்குத் தந்த அடுக்குமாடியில் பின்கட்டும் கிடையாது, கோழியும் கிடையாது, நைனாவின் அந்தக் குரலும் இப்போது இல்லை, அவர் தண்ணீர் கேட்டால்கூட நாங்கள் பக்கத்தில் போய்க் குனிந்துதான் காது கொடுக்கவேண்டும். அவரைக் கண்டு நடுங்கிய காலம் அந்தக் கார் போன அன்றே முடிந்துவிட்டது. இப்போதெல்லாம் அவர் சோற்றை அளைந்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தால்தான் எனக்குக் கைகால் நடுங்குகிறது.