தாண்டிப் போகச் சொன்ன சோதனை

பூமயில் இன்றைக்குச் சொந்தக் காலில் நிற்கிறாள் என்றால், அது பாம்பன்காரி சேதுலட்சுமி போட்ட சண்டையால்தான். யார் மறுத்தாலும் செல்லாது.

பூமயில் தொண்டிப் பக்கம் மிளகாய் பறித்த கூலிக்காரர் வீட்டுப் பெண். 2008-இல் ராமநாதபுரத்தில் குத்தூஸ் பாயின் கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். பெண்பிள்ளைகளுக்குப் புரோகிராம் சொல்லித்தரும் வகுப்பு அவள் பொறுப்பில் தொடங்குவதாகப் பேச்சு. அதை நம்பித்தான் வீட்டில் உலை.

அங்கே பழைய கம்ப்யூட்டர் பெட்டிகள் பல, புதியது ஒன்றே ஒன்று. எழுதுகிற புரோகிராமைப் பெட்டிக்குப் புரியும்படி மாற்றித் தருகிற கம்பைலரையும், அதற்குத் துணையாக முன்கூட்டியே எழுதிவைத்த புரோகிராம்களின் தொகுப்பான லைப்ரரியையும் எல்லாவற்றிலும் ஏற்றினாள். லைப்ரரி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அதோடு வந்த சோதனைகளில் ஒன்று மட்டும் பழைய பெட்டிகளில் ஃபெயில் ஆனது.

"திங்கக்கெழமைக்குள்ள சரியாகலன்னா இதுகளக் காயலாங்கடைக்குப் போட்டுருவேம்மா. வகுப்பும் வேணாம்," என்றார் பாய்.

பூமயில் துருவிப் பார்த்தாள். ஒரே சமயத்தில் இரண்டு வேலை பார்க்கும் வசதியை அந்தச் சோதனை கேட்டது. பழைய பெட்டிகளில் அது கிடையவே கிடையாது. இல்லாததைக் கேட்டால் எங்கிருந்து கொடுக்கும்? சோதனையையே அழித்துவிட்டாள். புதுப் பெட்டியில் ஓட்டிப் பார்க்காமலே அங்கேயும் அழித்தாள்.

கூட வேலை பார்த்த சேதுலட்சுமி எட்டிப் பார்த்தாள். "ஏன்டி, பாம்பன் பாலத்துல காத்தடிச்சா அங்கன ரயில நிப்பாட்டுவாக. அதுக்காக மதுரையிலயுமா நிப்பாட்டுவாக? புதுப்பெட்டிக்கு அந்த வசதி இருக்குல்ல?"

"இருக்கு. அதுக்கென்ன இப்ப?"

"இருக்கறதக் கேக்காம விட்டா எப்படிடி?"

பூமயிலுக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆனாலும் அழித்ததைத் திரும்ப வைத்து, ஒரு வரி சேர்த்தாள்: வசதியில்லாத பெட்டியென்றால் காரணத்தைச் சொல்லிவிட்டு இந்தச் சோதனையைத் தாண்டிப் போ. பழைய பெட்டிகள் தாண்டின. புதியதில் சோதனை ஓடியது. ஓடி, ஃபெயில்!

காரணத்தைத் தேடினாள். பார்த்தால், புதுப் பெட்டியில் லைப்ரரி அரைகுறையாக ஏறியிருக்கிறது. அழித்தபடியே விட்டிருந்தால் பிள்ளைகள் முன்னால் மானம் போயிருக்கும். மறுபடி ஏற்றினாள். பாஸ்.

"தாண்டுனத மறைக்கலயேம்மா?" என்றார் பாய்.

"இல்ல பாய். வசதியில்லன்னு அதுவே சொல்லுது, பாருங்க."

பாய் படித்துப் பார்த்துவிட்டு, வகுப்பறைச் சாவியை அவளிடமே நீட்டினார்.

திங்கட்கிழமை காலையில் பூமயில் சேதுலட்சுமியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நீ மட்டும் அன்னைக்குச் சண்ட போடலன்னா..."

"கைய விடுடி, வளவி நொறுங்குது. பிள்ளைக வாசல்ல நிக்கிதுக, போய்க் கதவத் தொற."