எறா கழுவுன தண்ணி

எங்க வூட்டுக்காரர் இருக்காரே, சோத்துல கை வெச்ச ஒடனே "உப்பு கம்மி"ன்னுதான் ஆரம்பிப்பார். கல்யாணம் ஆன நாளா இதே பாட்டு. எனக்கு பத்திக்கினு வரும்.

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கெழம, நைனார்பாளையம் பஸ் ஸ்டாப்பாண்ட எறா வாங்கினேன். கடலூர் பக்கத்துலேர்ந்து ஐஸ் பொட்டியில வர்றது, குட்டையில வளக்கற பண்ணை எறா. கழுவுன தண்ணிய வழக்கம்போல கொல்லையில புதினாவுக்கு ஊத்தினேன். எங்க ஊர்ல மீன் கழுவுன தண்ணிய யாரும் வீணாக்க மாட்டாங்க, செடி தளதளன்னு வரும். மறுநாள் அந்தப் புதினாவயே கிள்ளி, தயிர் சேத்து பச்சையா சட்னி அரைச்சேன். எனக்கு தயிர் ஆவாது. அவருதான் கிண்ணத்த வழிச்சி நக்கினார், "உப்பு கம்மி"ன்னுக்கினே.

அப்புறம் புடிச்சுது ஜுரமும் பேதியும். மருந்துக்கடையில 'பவர் மாத்திர' கேட்டு வாங்கினோம். கேக்கல. இன்னும் பவரா குடுத்தாங்க. அதுவும் கேக்கல. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில சேத்தப்போ மனுஷன் பழந்துணியாட்டம் கெடந்தார். கஞ்சி ஊட்டினா பேசாம முழுங்கினார், ஒரு கொற சொல்லல. ஐயோ, அதப் பாத்துட்டுதான் டாக்டரம்மாவ தேடி ஓடினேன்.

அவங்க ரத்தம், மலம் எல்லாம் சோதனைக்கு அனுப்பிட்டு, "என்னம்மா சாப்பிட்டார்?"னு கேட்டாங்க.

"எறாங்க. நல்லா கொதிக்கவெச்சிதாங்க போட்டேன், கிருமி எப்படிங்க பொழைக்கும்?"னு எகிறினேன்.

"கொதிச்சா செத்துடும். பச்சையா எதாவது சாப்பிட்டாரா?"

சட்னியச் சொன்னேன். புதினாவுக்கு ஊத்துன தண்ணியயும் சொன்னேன்.

"இதனாலதான்னு அடிச்சிச் சொல்ல முடியாதும்மா. ஆனா சில பண்ணையில எறாவுக்கு சீக்கு வரக்கூடாதுன்னு, மனுஷங்களுக்குக் குடுக்கற கிருமி மருந்தையே குட்டையில கொட்டறாங்க. கிருமிக்கு அது பழகிப்போயிடுது. அந்தக் கிருமி கழுவுன தண்ணியில வந்து புதினாவுல ஒட்டியிருக்கலாம். அப்புறம் நீங்க எவ்ளோ பவரா போட்டாலும் கேக்காது. எந்த மருந்துக்கு இன்னும் பழகலன்னு பாத்துதான் குடுக்கணும்."

நல்லவேள, பழகாத மருந்து ஒண்ணு இருந்துச்சி. ஊசியா ஏத்தினாங்க. ஜுரம் எறங்கிக்கினே வந்துச்சி. ஒரு காலையில கஞ்சிய வாயில வெச்சதும் மொகத்த சுளிச்சார்.

"இன்னாடி இது? உப்பு கம்மி."

வார்டுன்னும் பாக்காம ஓன்னு அழுதுட்டேன்.

இப்பவும் எறா வாங்கறோம், ஏன் வுடணும்? கழுவுன தண்ணி, பச்சையா திங்கற செடிக்கு இல்லாம, தென்னைக்குப் போவுது. அரியற பலகை தனி. கைய சோப்பு போட்டுத் தேய்ச்சிட்டுதான் அடுத்த வேல. மாத்திர வேணும்னா டாக்டரு சீட்டு. உப்ப மட்டும் வேணும்னே ஒரு சிட்டிக கம்மியா போடறேன். அவர் சொல்லணும், நான் கேக்கணும்.